முன் சக்கரத்துக்கும் ஆயில் உண்டு! - குடுமியான்மலையில் ஒரு டிராக்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

"முன்னாடி ஆக்சில்ல ஆயிலா? யாரு சொன்னது உனக்கு? 20 வருஷம் டிராக்டர் ஓட்டுனவன் சொல்றேன், முன்னாடி கிரீஸ் அடிச்சா போதும். சும்மா கிடக்குறத நோண்டாத!"

சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் கணவர் சொன்னது இது. அங்கே மணி பத்து, இங்கே ஏழரை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவருக்கு லீவு. தேக்கா பக்கம் நண்பர்களோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

குடுமியான்மலையில் வீட்டு வாசலில் அவர் மனைவி, கையில் 17 நம்பர் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். எதிரே வேப்பமரத்தடியில் சின்ன டிராக்டர். பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் மகள், மடியில் வண்டியின் கையேடு.

"சரிங்க, அப்புறம் பேசுறேன்" என்று போனை வைத்தார். ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. ஆண்கள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். நிலம், மாடு, பிள்ளைகளின் படிப்பு, வங்கிக் கடன் எல்லாம் பெண்களின் கையில். இந்த வீட்டில் அதோடு ஒரு டிராக்டரும் சேர்ந்துகொண்டது. பட்டா மனைவி பெயரில் இருந்ததால் வண்டியையும் அவர் பெயரிலேயே வாங்கினார்கள். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவிகிதம் வரை மானியம் உண்டு, அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன். கணவர் லீவில் வந்திருந்த ஒரு மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். சொந்த வயல் போக, அக்கம்பக்கத்தில் வாடகைக்கு ஓட்டுவதில்தான் மாதத் தவணை கட்ட வேண்டும்.

அதனால், வண்டி நின்றால் தவணையும் நிற்கும்.

கணவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் ஓட்டிய பழைய வண்டிக்கு அது சரி. நம் ஊரில் அதிகம் ஓடும் டிராக்டர்களில் இழுவை முழுக்கப் பின் சக்கரத்துக்குத்தான். முன்பக்கம் இருப்பது வெறும் இரும்புத் தண்டும், திரும்புவதற்கான இணைப்புகளும், சக்கர பேரிங்கும்தான். அதற்கு கிரீஸ் போதும்.

இவர்கள் வாங்கியது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. கியர்பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் வண்டியின் அடிவயிறு வழியாக முன்னால் போகிறது. நடுவில் டிஃபரன்ஷியல். அங்கிருந்து இரண்டு பக்கமும் குழாய்க்குள் ஷாஃப்ட். இரண்டு முனையிலும் சக்கரத்துக்கு மேலே கூம்பு வடிவப் பற்சக்கரங்கள். இத்தனையும் ஆயிலில் நனைந்தபடி சுற்ற வேண்டும். வெளியே இருந்து பார்த்தால் வெறும் இரும்புக் கட்டை போலத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடித்தது மகள். மழைக்கு முன் இன்ஜின் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்று பார்க்கத்தான் கையேட்டை எடுத்தாள். அதிலிருந்த அட்டவணையில் ஒரு வரி, முன் ஆக்சில் ஆயிலை 400 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றது. இந்தக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும். இவர்கள் வண்டிக்கு 400. ஹவர் மீட்டரைப் பார்த்தார்கள். 412.

"நம்ம இதை ஒரு தடவையாவது மாத்திருக்கோமாம்மா?"

"அங்க ஆயில் இருக்குங்கிறதே இப்பத்தான்டி தெரியும்."

குடுமியான்மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு கையேடு பழக்கம். சிகாநாதசுவாமி கோயிலை ஒட்டிய பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, ஸ்வரக் கோவைகள். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது. பள்ளியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டுவார்கள். படிக்கத் தெரியாதவருக்கு அது பாறை, தெரிந்தவருக்குப் பாடம். டிராக்டர் கையேடும் இந்த வீட்டில் அதுவரை பீரோவில் இருந்த ஒரு பாறைதான். இங்கிலீஷில் இருந்தது என்பது ஒரு காரணம். பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது இன்னொரு காரணம்.

பழக்கமான மெக்கானிக்குக்கு முதல் நாளே போன் போட்டாயிற்று. மழை தொடங்கியதால் கை நிறைய வேலை, புதன்கிழமைதான் வர முடியும் என்றார். ஆனால், திங்கட்கிழமை காலை பெரிய மாமா வயலில் தொளி உழவு. கணவருடைய பெரியப்பா அவர். நாற்றுப் பறிக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

"ஆயில் மாத்துறதுதானே? நாமளே செய்வோம்" என்றார் அம்மா.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, சாவியைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். அதற்கு முன் கால் மணி நேரம் தெருவில் ஓட்டியிருந்தார். ஆயில் கொஞ்சம் சூடானால்தான் இளகி முழுசாக இறங்கும்.

முதலில் மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டார். இது முக்கியம். கீழே எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் மூடி துருப்பிடித்துத் திறக்காமல் போனால், ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியதுதான்.

பிறகு அடியில் இருந்த டிரெயின் பிளக். ஒன்று இல்லை, இடது முனையில் ஒன்று, வலது முனையில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மறுபக்கம் பழசு தங்கிவிடும். இடது பக்கத்துக்கு அடியில் பழைய அலுமினியச் சட்டியை வைத்தார். ஸ்பேனரைக் கையால் தட்டினார். இரண்டு தட்டு, மூன்று தட்டு. பிளக் இளகியது.

வந்தது கறுப்பு ஆயில் இல்லை. டீக்கடை பால் காபி மாதிரி இருந்தது.

இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "அம்மா, தண்ணி."

அப்போதுதான் அந்த அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே பல் எல்லாம் போயிருந்தால்? பேரிங் போயிருந்தால்? தவணை, மானியம், "சும்மா கிடக்குறத நோண்டாத" எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சட்டியிலிருந்து கொஞ்சம் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். மாவு மாதிரி மழமழவென்று இருந்தது. நெருடவில்லை. பிளக்கின் முனையில் சாம்பல் நிறத்தில் பசை போல ஏதோ ஒட்டியிருந்தது.

போட்டோ எடுத்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள் மகள். ஐந்து நிமிடத்தில் அவரே கூப்பிட்டார்.

"சில்லு சில்லா இரும்புத் துண்டு ஏதும் இருக்காக்கா?"

"இல்லப்பா. பசை மாதிரிதான் இருக்கு."

"அப்ப தப்பிச்சீங்க. பசை தேய்மானம், அது இருக்கும். துண்டு வந்தாத்தான் ஆபத்து. சக்கரத்துப் பக்கம் ஆயில் சீல் போயிருக்கு. தொளியில இறக்குறீங்கல்ல, அதான்."

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. ஓடி ஓடி ஆக்சில் சூடாகும்போது உள்ளே காற்று விரியும். அந்தச் சூட்டோடு வண்டியைச் சேற்றுத் தண்ணீரில் இறக்கினால் இரும்பு சட்டென்று குளிரும். காற்று சுருங்கும். சீல் லேசாகத் தேய்ந்திருந்தால் போதும், அந்தச் சந்து வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும் வைக்கோலும் நாரும் சீலின் உதட்டை அறுத்துவிடும். தண்ணீர் கலந்த ஆயிலால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் வழவழப்பாக நிற்க முடியாது. வண்டி சும்மா நிற்கும்போது உள்ளே துருவும் பிடிக்கும்.

"இப்பப் புது ஆயில் ஊத்தி வைங்க. காய்ஞ்ச வேலை மட்டும் பாருங்க. புதன்கிழமை வந்து சீல் மாத்துறேன். அப்ப இன்னொரு தடவை இறக்கி ஊத்திக்கலாம். தொளிக்கு மட்டும் போயிடாதீங்கக்கா."

இரண்டு பக்கமும் முழுசாக வடிந்து, கடைசிச் சொட்டு நிற்க அரை மணி நேரம் ஆனது. பிளக்குகளைத் துடைத்து, வாஷரைச் சரிபார்த்து மாட்டினார்கள். பிறகு ஊற்றும் வேலை. கையேட்டில் சொன்னபடி 90 நம்பர் கியர் ஆயில் வாங்கி வைத்திருந்தார்கள். மொத்தம் ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

இங்கேயும் மகளின் கண்தான் காப்பாற்றியது. "ஊத்துறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் மேல இருக்கிற பிரீதர் பிளக்கைக் கழட்டணும்னு போட்டிருக்கும்மா." காற்று வெளியேற அதுதான் வழி. அதைத் திறக்காமல் ஊற்றினால் முனைகளில் காற்று அடைத்துக்கொள்ளும். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டும், சக்கரத்துக்கு மேலே இருக்கும் பற்களுக்கு ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது.

ஊற்றி முடித்து டிப் ஸ்டிக்கைப் பார்த்தபோது மேல் கோட்டைத் தொட்டிருந்தது. உடனே மூடிவிடக் கூடாது, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கெட்டியான ஆயில் குழாய் வழியாக முனைகளுக்கு மெள்ளத்தான் நகரும். டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மேல் கோட்டுக்கு நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். எல்லா மூடியும் மாட்டி முடிக்கும்போது மணி பதினொன்று.

வேலை முடிந்தது. கஷ்டமான பகுதி இனிமேல்தான்.

பெரிய மாமா வீட்டுக்குப் போய், நாளைக்குத் தொளிக்கு வண்டி வராது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள்தானே, புது ஆயில்தான் ஊற்றியாகிவிட்டதே, ஓட்டிவிடலாமா என்றுகூட அந்த அம்மா யோசித்தார். அந்த வாடகை வந்தால் சீலுக்கான செலவு கழிந்துவிடும். தலையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவர், பாதி வழியில் திரும்பி வந்து அந்த அலுமினியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மாமா எரிச்சல்பட்டார். "உன்னை நம்பித்தானம்மா ஆளுக்கெல்லாம் சொன்னேன். இப்ப வந்து இப்படிச் சொன்னா?"

"கோவிச்சுக்காதீங்க மாமா. வேற வண்டிக்கு நானே போன் போட்டுக் கேக்குறேன். வாடகை கூட ஆனா, கூடுறதை நான் தர்றேன்" என்றபடி சட்டியைக் காட்டினார்.

மாமா குனிந்து பார்த்தார். வாழ்க்கையில் பாதி நாள் மாடு கட்டி உழுதவர். ஒரு குச்சியால் அந்தப் பால் காபியைக் கிளறினார்.

"இது உள்ள இருந்தா வந்துச்சு?"

"ஆமாம் மாமா."

"குளம்புல புண்ணு இருக்கிற காளையைச் சேத்துல இறக்க மாட்டோம்மா. இறக்குனா அந்தப் போகத்தோட மாடு போச்சு." குச்சியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "கூடுறதையெல்லாம் நீ தர வேணாம். அண்ணவாசல்ல ஒருத்தன் இருக்கான், நானே கேட்டுக்கிறேன். அந்த ஆயிலைக் குடுத்துட்டுப் போ, கொட்டகைக் காலுக்கு அடிச்சா கரையான் வராது."

"தண்ணி கலந்தது மாமா, அதுக்கு ஆகாது. மழை பெஞ்சா கிணத்துக்குத்தான் இறங்கும். கேன்ல ஊத்தி மெக்கானிக்கிட்ட கொடுத்துடுறேன்."

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கணவர் மறுபடி கூப்பிட்டார். அதற்குள் மகள் அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருந்தாள். முதல் பிளக் கழன்று, பால் காபி நிறத்தில் ஆயில் கொட்டும் வீடியோ. நான்கு தடவை பார்த்திருப்பார் போல.

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "எத்தனை நாளா இப்படி ஓடியிருக்கும்?"

"தெரியலைங்க. பல்லுக்கு ஒண்ணும் ஆகலையாம். புதன்கிழமை சீல் மாத்திடலாம்."

"கையில காயம் ஏதும் படலையே?"

"இல்லைங்க."

"நான் ஓட்டுன வண்டியில இதெல்லாம் கிடையாது" என்றார். இடைவெளி விட்டு, "அடுத்து எது எப்ப மாத்தணும்னு அந்தப் புத்தகத்தைப் பாத்து எனக்கும் ஒரு லிஸ்ட் அனுப்பச் சொல்லு பாப்பாவை" என்றார்.

அன்று மாலை பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புது கணக்கு தொடங்கியது. தேதி. 412 மணி. முன் ஆக்சில் ஆயில் மாற்றியது. தண்ணீர் இருந்தது. புதன்கிழமை சீல்.

அதற்குக் கீழே மகள் கோடு போட்டு அடுத்த மணிக் கணக்கை எழுதப் போனாள். "இரு, இப்ப எழுதாத" என்றார் அம்மா. "புதன்கிழமை மறுபடி ஊத்துவோம்ல? அன்னையிலேருந்துதான் கணக்கு."