செபமும் மருந்தும்

"சாமி, மறுபடியும் மந்திரிச்சு விடுங்க. அவன் காதுல கேக்குற குரல் நிக்கவே இல்ல." வடமதுரையில் ஒரு தாயின் வேண்டுதல் இது. ஓராண்டுக்கு முன்னும் அவர் வந்தார். அன்று மகனின் தலையில் கைவைத்துச் செபித்து அனுப்பியதோடு நாம் நின்றோம். இம்முறை, மனநல மருத்துவரைக் காணுமாறு சொன்னோம். "தலையைப் படம் எடுத்தா, பேயா நோயான்னு தெரிஞ்சிருமா?" என்றார்.

1974இல் ஸ்வீடனில் இங்வார், ஃபிரான்சென் ஆகியோர், நாட்பட்ட மனச்சிதைவு நோயாளரின் மூளை முன்பகுதியில் குருதியோட்டம் ஒப்பளவில் குறைந்திருக்கக் கண்டனர். பிந்தைய ஆய்வுகள் அனைத்தும் அதனோடு ஒத்துரைக்கவில்லை. உட்கொள்ளும் மருந்தும் அவ்வோட்டத்தை மாற்றவல்லது. ஆகவே படம் மட்டும் இந்நோயை உறுதிசெய்யாது. பொறுமையாய்க் கேட்டறியும் மருத்துவரே உறுதிசெய்கிறார். குரல்களைத் தணிக்கும் மருந்தோ, 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் பயன்பட்ட நாள்முதல் உண்டு.

மருந்தின்றிக் கழியும் நாள்களில் இத்தகையோரைக் கட்டிவைப்பதும் நம் நாட்டில் நிகழ்ந்ததே. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநோயர் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலி அவர்களைத் தப்பவிடவில்லை. 28 பேர் மாண்டனர்.

செபம் வீணன்று. அதை மருந்துக்கு மாற்றாக்கியதே நம் பிழை. அந்த ஓராண்டை அம்மகனுக்கு நாம் திருப்பித் தர இயலாது. திங்களன்று திண்டுக்கல்லுக்கு அவர்களோடு நாமும் செல்கிறோம்.