முடிச்சிலிருந்து கடல் வரை

திருத்தணிப் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு நெடுங்கடல் பாய்மரப் படகுப் போட்டியைப் பற்றிச் சொல்லித்தரப் போகும்போது நான் படகுப் படம் எதையும் எடுத்துப் போவதில்லை. ஒரு சுருள் கயிறு, கிழிந்த பாய்த்துணித் துண்டுகள், மெழுகு பூசிய நூல், முப்பட்டை ஊசி, ஊசியைத் தள்ள உள்ளங்கையில் மாட்டும் தோல்பட்டை, அவ்வளவுதான். பாய் தைப்பது என் தொழில். போட்டிப் படகை நான் அறிந்ததெல்லாம் இந்த ஊசி வழியாகத்தான்.

கடலோரத்தில் பிறந்தவனுக்குத்தான் இதெல்லாம் என்று நம் ஊர்ப் பெற்றோர் நினைக்கிறார்கள். தணிகை மலைப் படியேறி நின்றாலும் கண்ணுக்குக் கடல் எட்டாது என்பது உண்மைதான். ஆனால் கடல் இல்லாத வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் படகு ஓட்டியிருக்கிறார். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கினார். அதே விளையாட்டில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசம் தேவாஸ் மாவட்டத்து விவசாயி மகள். அவர் பழகியது போபால் ஏரியில். ஹைதராபாத் ஹுசேன் சாகர் ஏரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஆப்டிமிஸ்ட் படகில் ஏற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் தேசியப் போட்டிகளில் பதக்கம் வாங்கி வருகிறார்கள்.

ஆப்டிமிஸ்ட் என்பது 2.3 மீட்டர் நீளமுள்ள சிறு படகு. வெற்றுப் படகின் எடை 35 கிலோ. பதினைந்து வயது வரை ஒரே பிள்ளை தனியாக ஓட்டலாம். நெடுங்கடல் ஓட்டத்துக்குப் போகிற பலர் இதில்தான் ஆரம்பித்தவர்கள். அதற்கும் முந்திய வகுப்பு ஒன்று உண்டு. அதற்குத் தண்ணீர் வேண்டாம், பள்ளி வராந்தா போதும்.

முதலில், இழுத்தாலும் இறுகாத கண்ணி போடும் போலைன் முடிச்சு. பையன்கள் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ஒருவன் வால்நுனியை விரற்கடை அளவே விட்டிருந்தான். ஜன்னல் கம்பியில் மாட்டி இருவரை இழுத்துத் தளர்த்தச் சொன்னேன். புதுக் கயிறு வழுக்கி, முடிச்சு அவிழ்ந்தது. வால் ஒரு சாணாவது இருக்க வேண்டும் என்பதை அதன் பிறகு யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும். பிறகு வாளித் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் போட வேண்டும். நடுக்கடலில் முடிச்சு தேவைப்படுவது பெரும்பாலும் இருட்டில்தான்.

இரண்டாவது துணி. இங்கேதான் நம் பிள்ளைகள் என்னை அசத்துகிறார்கள். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை எல்லாம் தறி ஓடுகிற ஊர்கள். பாய்த்துணிக்கு டேக்ரான் என்று பெயர். பாலியெஸ்டர் நூலை நெருக்கி நெய்து, சூட்டில் சுருக்கி, பிசின் ஏற்றியது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி துண்டை வாங்கி, பாவு வழியாக இழுத்தாள், ஊடை வழியாக இழுத்தாள், பிறகு மூலைவாட்டில் இழுத்தாள். “இப்படி இழுத்தாத்தான் சார் நீளுது. காத்து இந்தப் பக்கம் இழுத்தா பாய் கெட்டுடுமே” என்றாள். பாய் வெட்டுகிறவன் முதலில் படிக்க வேண்டிய பாடத்தை அவள் வீட்டுத் தறியிலேயே படித்திருந்தாள்.

இழுப்பு எங்கே விழுகிறதோ அந்தத் திசையில் நூலைக் கிடத்த வேண்டும். பாயின் பின்விளிம்பான லீச்சில் இழுப்பு அதிகம். அதனால் பட்டைகளைக் குறுக்காகச் சேர்த்துத் தைக்கும் கிராஸ்கட் பாயில் ஊடை நூல் லீச்சோடு ஒட்டி ஓடும்படி பட்டைகளை அடுக்குவோம். பட்டை விளிம்புகளை நேராக வெட்டிச் சேர்த்தால் பாய் தட்டையாகக் கிடக்கும். விளிம்பில் இம்மியளவு வளைவு விட்டுச் சேர்த்தால்தான் வயிறு வரும். காற்றுக்கு எதிராகப் படகை ஏற்றிப் போவது அந்த வயிறுதான். அந்த வளைவு எவ்வளவு என்பதை இன்றைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். தைத்தது சரியா என்பதைக் கைதான் சொல்லும்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மேஸ்திரி ராயபுரத்துக்காரர். ஒருநாள் பெரிய பாயின் மூலையில் பல மடிப்பு வைத்துக் கைத்தையல் போட்டு முடித்தார். பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர் புறங்கையால் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் நூல் இறுகி, துணி லேசாகச் சுருங்கியிருந்தது. பிளேடை எடுத்துத் தன் தையலைத் தானே பிரித்தார். “கரையில சுருக்கம்னா கடல்ல கிழிசல்டா தம்பி” என்றார். மறுபடி தைக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. முகத்தில் அலுப்பே இல்லை. நூலை எவ்வளவு இழுப்பது, எங்கே விடுவது என்பதை அவர் வாயால் சொன்னதே கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கட்டைவிரலைப் பார்த்தே பழகினேன்.

மூன்றாவது, பாயைப் படிப்பது. முன்விளிம்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் கம்பளி இழைகளை ஒட்டியிருப்போம். இரண்டும் பின்னோக்கி நேராகப் பறந்தால் சரி. காற்று வரும் பக்கத்து இழை துள்ளினால், பாயைப் பிடித்திருக்கும் கயிறான ஷீட்டை இழுக்க வேண்டும். மறுபக்கத்து இழை துள்ளினால் தளர்த்த வேண்டும். பாயைச் சும்மா படபடக்க விடவே கூடாது. வெயிலும் படபடப்பும்தான் துணிக்கு எமன். இறக்கியதும் நல்ல தண்ணீரில் உப்பு போக அலசி, நிழலில் காயவைத்து, ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடிக்காமல் எடுத்து வைக்க வேண்டும். பாயை அலட்சியமாகச் சுருட்டிப் போடுகிற பிள்ளையை நான் படகுக்குச் சிபாரிசு செய்வதில்லை.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்கு 628 கடல் மைல் போட்டி. 1998இல் 115 படகுகள் கிளம்பின. புயலில் சிக்கி, போய்ச் சேர்ந்தவை 44. ஆறு பேர் உயிரிழந்தார்கள். காற்று ஏறும்போது பாயைச் சுருக்கிக் கட்டுவதை ரீஃப் என்கிறோம். கட்டலாமா என்று மனதில் தோன்றிய அந்த நேரமே கட்ட வேண்டிய நேரம். 2022இல் தொடங்கிய கோல்டன் குளோப் ஓட்டத்தில் நம் நாட்டு அபிலாஷ் டோமி தனியாளாக உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். ஜிபிஎஸ் கூடாது, வெளியார் உதவி கூடாது, எது கிழிந்தாலும் தானே தைக்க வேண்டும் என்பது அங்கே விதி. கடற்படையின் ‘தாரிணி’ படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் உடன் அதிகாரி தில்னாவும், இருவர் மட்டுமாக, 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். அதற்கு முன் 2023இல் கேப் டவுனிலிருந்து ரியோ வரை நடந்த போட்டியிலும் அதே படகில் இருவரும் இருந்தார்கள். இவர்களைப் பற்றிச் சொல்லும்போது பெண் பிள்ளைகள் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைத் துறைமுகத்துக்குள் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் இருக்கின்றன. திருத்தணியில் விடியற்காலை ரயிலைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் போய்ச் சேரலாம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை அழைத்துப்போய்ப் படகைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். சங்கத்தாரே, உங்களிடம் கிழிந்து கிடக்கும் பாய்களையும் பழைய கயிறுகளையும் பள்ளிகளுக்குக் கொடுங்கள்; அதற்குப் பணம் செலவில்லை.

கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளே, நீங்கள் முதலில் கேட்க வேண்டியது படகு அல்ல. போய் நீச்சல் பழகுங்கள், கிணற்றில் என்றால் பெரியவர் துணையோடு. நீச்சல் தெரிந்துகொண்டு, இரு கை நீளக் கயிறு ஒன்றும் வாங்கிக்கொண்டு வாருங்கள். மற்றதை நான் சொல்லித்தருகிறேன்.