குழந்தையின் வயிற்றுக்கு ஏது ஊர் நேரம்?

எங்கள் மண்ணூரில் கொரியா என்றால் யாரும் வாயைப் பிளப்பதில்லை. பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கொரியாக்காரர்களையும், அவர்கள் எழுத்தில் உள்ள பெயர்ப் பலகைகளையும் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அந்த நாடு எவ்வளவு தூரம் என்பது, கைக்குழந்தையோடு போய் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

என் கணவர் ஆறு மாதப் பயிற்சிக்காக சியோல் போயிருந்தார். "ரெண்டு மாசமாவது வந்து இரு" என்று எங்களையும் அழைத்தார். பையனுக்கு அப்போது எட்டு மாதம்.

"எத்தனை மணி நேரம்மா ஆகும்?" என்று கேட்டார் மாமியார்.

சென்னையிலிருந்து சியோல் நேர்கோட்டில் சுமார் 5,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு ஆறு மணி நேரம்தான். ஆனால் எங்களுக்குக் கிடைத்த டிக்கெட் சிங்கப்பூர் வழியாக. அங்கே போக 2,900, அங்கிருந்து சியோலுக்கு 4,600. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்!

டிக்கெட்டில் இரவு 11.15-க்குப் புறப்பாடு, மறுநாள் மாலை 3.30-க்கு வருகை. "பதினாறு மணி நேரம், அத்தை" என்றேன். மூன்று மணிக்கு ஒரு வேளை என்று ஆறு சின்ன டப்பாக்களில் பால் பவுடரை அளந்து எடுத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்தபோது இரண்டு டப்பா மிச்சம்! வீணாகச் சுமந்தோமே என்று நினைத்தேன்.

திரும்பும்போது காலை 9 மணிக்குப் புறப்பாடு, இரவு 9.15-க்குச் சென்னை. 'பன்னிரண்டு மணி நேரம்தானே' என்று நாலே டப்பா எடுத்தேன். சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் காத்திருந்ததிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. சென்னை விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் பையன் வீறிட்டான். எனக்குக் கை கால் ஓடவில்லை.

பக்கத்தில் ஒரு சிங்கப்பூர்ப் பாட்டி. விஷயத்தைக் கேட்டதும் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்தார். பணிப்பெண்ணிடம் ஸ்பூனும், காய்ச்சி ஆறிய தண்ணீரும் வாங்கி, மசித்து ஊட்டினார். பையன் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுத் தூங்கிப் போனான்.

"கொரியா கடிகாரம் நமக்கு மூணரை மணி முன்னாடி ஓடுதும்மா. போறப்போ டிக்கெட்டுல மூணரை மணி கூடத் தெரியும், வர்றப்போ குறைச்சலாத் தெரியும். ஊருக்கு ஊரு மணி மாறும். குழந்தை வயிறு மாறுமா?" என்று சிரித்தார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போனது பன்னிரண்டே முக்கால் மணி நேரம், வந்தது பதினைந்தே முக்கால்!

குழந்தையோடு கிளம்பும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு மணியைக் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்தப் பயண நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். கைபேசி தானாக மணியை மாற்றிக்கொள்ளும். கைக்கடிகாரத்தை மட்டும் நம் ஊர் நேரத்திலேயே விட்டுவையுங்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்குப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காதடைப்பு குறையும். கணக்குக்கு மேல் இரண்டு வேளை உணவு கையில் இருக்கட்டும்.

நாங்கள் மண்ணூர் வந்து சேர நள்ளிரவு ஆகிவிட்டது. வாசலில் மாமியார் கஞ்சியோடு காத்திருந்தார். "பன்னண்டு மணி நேரம்னு நீ சொன்னப்பவே நான் நம்பலை" என்றார்!