கேனுக்கு ஒரு மூக்கு

கலத்திலிருந்து நீண்டு நிற்கும் ஊற்றுகுழாயைத் தமிழ் வாய் என்பதில்லை, மூக்கு என்கிறது. கெண்டிக்கு மூக்கு உண்டு. மூக்குச் செம்பு என்றே ஒரு செம்பு நம் வீடுகளில் புழங்கியது. முகத்தில் மூக்கைப் போல் நீண்டிருப்பதால் வந்த பெயர் என்று இதை விளக்கி முடித்துவிடலாம். ஆனால் எங்கள் குடியிருப்பின் டீசல் கேனோடு சில ஆண்டுகள் பழகிய பிறகு, அந்தப் பெயரில் மூச்சும் கலந்திருக்கிறது என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையை ஒட்டிய பன்னிரண்டு வீடுகள் எங்களுடையவை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளத்துக்குப் பின் ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரு ஜெனரேட்டர் வாங்கி, மார்பளவு மேடை கட்டி அதன்மீது ஏற்றினோம். டீசலுக்கு ஒரு கேன் தேவைப்பட்டது. விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது விட்டுச் சென்ற இருபது லிட்டர் இரும்புக் கேன் கைக்கு வந்தது. ராணுவ ஜீப்பின் பின்புறம் தொங்குமே, அது.

அதன் பிறப்பு 1937இல், ஜெர்மனியில். வின்சென்ஸ் க்ரூன்ஃபோகல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. மேலே மூன்று கைப்பிடிகள். ஒருவர் நடுப்பிடியைப் பற்றலாம், இருவர் சேர்ந்தால் ஓரப்பிடிகளைப் பற்றிச் சுமக்கலாம். வாயருகே ஒரு சிறு காற்றுக்குழல் உள்ளே ஓடுகிறது. எண்ணெய் வெளியே வரும்போது காற்று அதன் வழியே உள்ளே போய்விடுவதால் கேன் 'மடக் மடக்'கென்று விக்குவதில்லை. அக்காலத்தில் பிரிட்டிஷ் படை நம்பியிருந்தது நான்கு காலன் தகர டின்னை. நம் வீடுகளுக்கு பர்மா ஷெல் மண்ணெண்ணெய் சுமந்து வந்து, பின்பு தண்ணீர் எடுக்கவும் அரிசி போட்டு வைக்கவும் பயன்பட்ட டின்னின் உறவுக்காரன் அது. ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் அந்த டின்கள் ஒழுகி எரிபொருள் மண்ணுக்குப் போன பிறகு, பகைவனின் கேனையே அவர்கள் பார்த்துச் செய்துகொண்டார்கள். ஜெர்மானியரைக் குறிக்கும் 'ஜெர்ரி' என்ற ஏளனப் பெயரே கேனுக்கும் நிலைத்தது.

எங்களுக்குக் கிடைத்த கேனில் மூக்கு இல்லை. 2016 வர்தா புயலின்போது டீசல் டாங்கி புதிது, திறந்த வாய், எப்படியோ சமாளித்தோம். பிறகு சத்தம் குறைக்க ஜெனரேட்டருக்கு ஒரு கூடு வந்தது. டாங்கியின் வாய் அந்தக் கூட்டுக்குள் ஒரு முழம் தள்ளிப் போயிற்று.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலின் இரவு. தெருவில் முழங்கால் தண்ணீர். முதல் மாடியில் நுரையீரல் நோயாளியான அம்மா ஒருவருக்கு ஆக்சிஜன் செறிவூட்டி ஓடிக்கொண்டிருந்தது. டீசல் ஊற்ற ஜெனரேட்டரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்திய நொடியிலிருந்து அவர் ஒரு சிறிய சிலிண்டரை நம்பியிருப்பார். கையிருப்பில் அது ஒன்றுதான். யாரோ சமையலறைப் பிளாஸ்டிக் புனலைக் கொண்டுவந்தார்கள். அது டாங்கியின் கழுத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அந்தக் கச்சிதம்தான் வினையாயிற்று. எண்ணெய் இறங்கவில்லை. குமிழியிட்டு மேலெழும்பி, இன்னும் சூடு ஆறாத புகைக்குழாயின் பக்கம் வழிந்தது. டார்ச் பிடித்திருந்த காவலாளிதான் சொன்னார்: "சார், புனலைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க சார். உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும்ல?" தூக்கியதும் இறங்கியது. ஆனாலும் குவளை குவளையாக மொண்டு ஊற்றி முடிக்க இருபது நிமிடங்கள். மேலேயிருந்து அந்த அம்மாவின் மருமகள் மூன்று முறை, "ஆச்சா அண்ணா?" என்று கேட்டார். நான்காம் முறை கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னை அதிகம் வருத்தியது. மின்விசிறி சுழலும் ஓசை கேட்டபோது கையெல்லாம் டீசலாக மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தண்ணீர் வடிந்த அடுத்த வெள்ளியன்று பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடும் அச்சந்தையில் கிடைக்காதது இல்லை என்பார்கள், அது மிகையில்லை. தையல் இயந்திரத்தின் கால், தொலைபேசியின் காது, புறாக்குஞ்சு, செடி எல்லாம் ஒரே தரையில். பழைய இரும்பு விற்பவர் என்முன் இரண்டு மூக்குகளை வைத்தார். ஒன்று மரை போட்டுத் திருகுவது. "அது வேற கேனுக்கு சார். உங்களோடது நெம்புகோல் மூடின்னா இதான்" என்று மற்றொன்றைத் தள்ளினார். வளையும் எஃகுக் குழாய், கேனின் வாயைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி, உள்ளே காற்றுக்கென்று தனியாக ஒரு மெல்லிய குழல். நுனி டாங்கியின் கழுத்தைவிட ஒல்லி. சுற்றிலும் காற்று வெளியேற இடம் இருக்கும். நான் தேடியது இந்த இரண்டைத்தான். 350 ரூபாய். "வாஷர் மட்டும் போச்சு சார், மாத்திக்குங்க." சாதாரண ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும் என்பதால் நைட்ரைல் ரப்பர் வாஷராகத் தேடி வாங்கினேன்.

புனல் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு சொல். பழந்தமிழில் புனல் என்றால் நீர், ஓடும் நீர். எண்ணெய் ஊற்றும் புனலோ போர்த்துக்கீசிய 'ஃபுனில்' வழியே வந்தது என்று கொள்வது பொருத்தம். சிங்களத்தில் அது 'புனீலய'. வந்த சொல் பழஞ்சொல்லின் வேடத்தில் உட்கார்ந்துவிட்டது. என் பாட்டி அதை வைத்தூற்றி என்பார். வைத்து ஊற்றுவது என்ற அந்தப் பெயரில் செய்முறையே அடங்கியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் மறப்பதில்லை.

வாங்குவதைவிட வைத்துக்கொள்வதுதான் கடினம். மூக்கைக் கேனிலேயே மாட்டி வைக்க முடியாது. கேனை அதன் மூடியால் இறுக மூடினால்தான் ஆவி கசியாது. எனவே மூக்கு எப்போதும் தனியே இருக்க வேண்டிய பொருள். தனியே இருப்பது தொலையும். நானும் காவலாளியும் கலந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். ஊற்றி முடித்ததும் தலைகீழாகப் பழந்துணியின்மேல் ஒரு மணி நேரம் வடியவிடுவது. பிறகு இருமுனையையும் துணியால் கட்டி, கேனின் நடுப்பிடியில் கம்பியால் பிணைத்து வைப்பது. ஜெனரேட்டர் பதிவேட்டில் 'மூக்கு – 1' என்று ஒரு வரி. செயலாளர் மாறும்போது சாவியோடு அதையும் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

துணி கட்டுவது வீண்வேலை என்று இரண்டாம் மாடி நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். போன ஐப்பசியில், மழைக்கு முன் எடுத்துப் பார்த்தபோது துணி ஒருபுறம் நெகிழ்ந்திருந்தது. காற்றுக் குழலின் வாயில் குளவி ஒன்று மண்ணால் வீடு கட்டி முடித்திருந்தது. காவலாளி சைக்கிள் கம்பி ஒன்றைத் தேடி எடுத்துவந்து அதைக் குத்தி எடுத்தார். பின்பு குழலில் வாய் வைத்து ஊதிப் பார்த்து, "போகுது சார்" என்றார்.