வைக்கத்து நான்கு தெருக்கள்

எந்த ஊருக்குப் புறப்பட்டாலும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்பதுதான். கேரளத்தில், கோட்டயம் ஜில்லாவில் இருக்கும் வைக்கத்தைப் பற்றி நீங்கள் அப்படிக் கேட்டால், "நான்கு தெருக்கள் இருக்கின்றன" என்பதுதான் பதில். தெருவைப் பார்க்கவா இத்தனை தூரம் போவது, நம் வாசலில் இல்லாத தெருவா என்று சிரிக்காதீர்கள். இந்தத் தெருக்களில் நடப்பதற்காக மனிதர்கள் 603 நாட்கள் போராடியிருக்கிறார்கள்.

எர்ணாகுளத்திலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் வைக்கத்துக்கு பஸ் உண்டு. ஆனாலும், சேர்த்தலைப் பக்கமிருந்து தவணக்கடவு வந்து, படகேறி வேம்பநாட்டுக் காயலைக் கடந்து போவதில் இருக்கும் சுகமே வேறு. 2017 முதல் அங்கே சூரிய ஒளியில் ஓடும் படகு ஒன்று போய்வருகிறது. பெயர் 'ஆதித்யா'. இந்தியாவில் சூரிய சக்தியால் ஓடத் தொடங்கிய முதல் பயணிப் படகு இதுதான். டீசல் நாற்றம் இல்லை; காதைத் துளைக்கும் இரைச்சல் இல்லை. எதிரே தென்னந்தோப்பு மெல்ல நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைக்கம் வந்துவிடும்.

படகுத் துறையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மகாதேவர் கோயில். முட்டை வடிவத்தில் அமைந்த பெரிய கருவறை இதன் விசேஷம். காலையில் போடும் அன்னதானத்துக்குப் 'பிராதல்' என்று பெயர். கார்த்திகை மாதத்து அஷ்டமித் திருவிழாவுக்கு ஊரே திரண்டு வரும். அன்றிரவு பக்கத்து உதயணாபுரத்திலிருந்து சுப்பிரமணியர் யானை மேல் வருவார். யுத்தத்துக்குப் போன பிள்ளை நல்லபடியாகத் திரும்ப வேண்டுமே என்று தகப்பனார் காத்திருப்பதாக ஐதீகம். பிள்ளையைப் பெற்ற எவருக்கும் மனம் இளகும் காட்சி.

இந்தக் காட்சியை ஒரு காலத்தில் அவ்வூர் மக்களில் பெரும்பகுதியினர் கோயிலுக்கு உள்ளே போய்ப் பார்க்க முடியாது. அது மட்டுமா? வெளியே, மதிலைச் சுற்றியுள்ள தெருக்களில்கூட அவர்கள் நடக்கக் கூடாது. ஈழவர், புலையர் முதலானோர் இதற்கு மேல் வரலாகாது என்று அறிவிக்கும் பலகை நட்டு வைத்திருந்தார்கள். 'தீண்டல் பலகை' என்று அதற்குப் பெயர். நாயும் மாடும் தாராளமாகப் போய்வந்தன. அந்த மனிதர்களே கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ மதம் மாறிவிட்டால் அப்போது நடக்கலாம்! இந்துவாக இருந்துகொண்டு இந்துக் கோயிலின் தெருவில் நடப்பதற்குத்தான் தடை. கேட்டால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது, அல்லவா?

1923-ம் வருஷம் டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸில் டி. கே. மாதவன் இந்த அநியாயத்தை எடுத்துச் சொன்னார். 1924 மார்ச் 30-ந் தேதி சத்தியாக்கிரகம் ஆரம்பமாயிற்று. முதல் நாள் மூன்று பேர் நடந்தார்கள்: குஞ்ஞப்பி ஒரு புலையர், பாகுலேயன் ஓர் ஈழவர், கோவிந்தப் பணிக்கர் ஒரு நாயர். பணிக்கரைப் போகலாம் என்றார்கள். தோழர்கள் இருவரை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அவர் நின்றார். மூவரும் கைதானார்கள்.

சில நாட்களுக்குள் கே. பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் முதலிய தலைவர்கள் எல்லாரும் சிறைக்குப் போய்விட்டார்கள். போராட்டம் படுத்துவிடுமோ என்று பயந்து ஈரோட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ஈ. வெ. ராமசாமி 1924 ஏப்ரல் மாதம் வந்து சேர்ந்தார். அருவிக்குத்துச் சிறையில் ஒரு மாதம் வைத்தார்கள். வெளியே வந்தவர் நேரே வீட்டுக்கா போனார்? மறுபடியும் வைக்கத்துக்கே வந்தார். இரண்டாம் தடவை நான்கு மாதக் கடுங்காவல் தண்டனை, திருவனந்தபுரம் சிறையில். திரு. வி. க. அவருக்கு 'வைக்கம் வீரர்' என்று பட்டம் சூட்டினார்.

ஈரோட்டிலிருந்து நாகம்மையாரும் வந்தார். கணவருக்கு ஜெயிலில் எப்படி இருக்கிறதோ என்று விசாரிக்க வந்தவராக அவரை எண்ணிவிடாதீர்கள். மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தாமே சத்தியாக்கிரகத்துக்குப் போனார். வீடு வீடாக ஆதரவு திரட்டினார். பிற சாதியார் தெருவில் நடப்பதைப் பற்றி வாய் திறந்து பேசவே பெண்கள் தயங்கிய காலம் அது.

அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் கேரளத்தையே முழுகடித்த பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099-ல் வந்ததால் மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று இன்றும் சொல்கிறார்கள். வைக்கத்துத் தெருக்களிலும் தண்ணீர் ஏறியது. போலீஸ் தடுப்புக்கு எதிரே தொண்டர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள். அடியும் உதையும் சாதாரணம். ராமன் இளையது என்பவரின் கண்களில் சுண்ணாம்பைத் தேய்த்துப் பார்வையைக் கெடுத்தார்கள். பெருந்தகையான நாராயண குரு தமது வெல்லூர் மடத்தைப் போராட்டத்துக்குக் கொடுத்து, ஆயிரம் ரூபாய் நன்கொடையும் அளித்தார். அதே வருஷம் நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியாரே வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நடந்து போய், தெருக்களைத் திறந்துவிடும்படி மகாராணியிடம் விண்ணப்பம் கொடுத்தார்கள். ஆனாலும் 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் ஒரே ஒரு வோட்டில் தோற்றது!

மறுமாதம் காந்திஜி வந்தார். கோயில் நிர்வாகத்தில் செல்வாக்குள்ள நம்பூதிரியுடன் பேச இண்டந்துருத்தி மனைக்குப் போனார். பிராமணர் அல்லாதவர் என்பதால், அவரை வீட்டுக்குள் அழைக்காமல் வெளியே மண்டபத்தில் உட்கார வைத்தே பேசினார்கள். உலகம் மகாத்மா என்று கொண்டாடியவருக்கே இந்த உபசாரம் என்றால், குஞ்ஞப்பிக்கு என்ன உபசாரம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மனை இன்றும் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். கள் இறக்கும் தொழிலாளர் சங்கம் அதை விலைக்கு வாங்கித் தன் அலுவலகமாக வைத்துக்கொண்டது. கள் இறக்குவது பெரும்பாலும் ஈழவர்களின் தொழில். எந்த வாசலை அவர்கள் நெருங்க முடியாமல் இருந்ததோ, அந்த வாசலின் சாவி அவர்கள் கைக்கு வந்தது. ஊரில் பெரியார் நினைவகமும் உண்டு. 2024 டிசம்பரில் அதைப் புதுப்பித்து, தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் சேர்ந்து திறந்து வைத்தார்கள்.

போராட்டம் 1925 நவம்பர் 23-ந் தேதி முடிந்தது. முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. 1936 நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான், தெரு என்ன, கோயிலே எல்லாருக்கும் திறந்தது. முதல் நாள் நடந்த மூவரின் அந்தச் சில அடிகள் போய்ச் சேருவதற்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது.

அந்தக் காலத்து மனிதர்கள் எவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் என்று உங்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர்களில் பலர் பக்திமான்கள், குடும்பத்தில் அன்பானவர்கள், விருந்தாளிக்குக் குறை வைக்காதவர்கள். பலகை நட்டிருப்பதில் தப்பு இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. பழகிப்போன அநியாயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் சமையலறை அலமாரியில், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்கென்று தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கிறதா? அதுவும் ஒரு சின்னப் பலகைதான். அதை எடுத்துவிடச் சத்தியாக்கிரகம் வேண்டாம். வீட்டுக்காரி மனம் வைத்தால் போதும்.

வைக்கம் போனால், தரிசனம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. மேற்கே ஆரம்பித்து, கிழக்குத் தெருவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது ஏன் கடைசி என்று குழந்தைகள் கேட்பார்கள். நடந்தபடியே சொல்லுங்கள்.