மூன்றாம் தளத்தில் ஒருத்தி

‘ஜேன் அயர்’ நாவலை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு வயது 18. கல்லூரி நூலகத்துப் புத்தகம். அட்டை பிய்ந்து, முதுகில் துணி ஒட்டியிருந்தது. சர்ச்சில் ஜேனின் கல்யாணம் பாதியில் நிற்கும் இடத்தை இரண்டு இரவு திரும்பத் திரும்பப் படித்து அழுதேன். அழுததெல்லாம் ஜேனுக்காகத்தான். மாப்பிள்ளை ராச்செஸ்டரின் முதல் மனைவி பெர்த்தா, அவன் வீட்டின் மூன்றாம் தளத்தில் பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது எனக்கு உறைக்கவேயில்லை. கதைக்கு வந்த இடைஞ்சலாகத்தான் அவள் தெரிந்தாள்.

முப்பது வருடம் கழித்து, லீட்ஸில் படிக்கும் என் மகள் அதே நாவலை வாசித்துவிட்டு ராத்திரியில் போன் செய்தாள். “அம்மா, அந்த மாடியில இருக்கிற பொண்ணு நம்மகிட்ட நேரா ஒரு வார்த்தை பேசலியே, கவனிச்சியா?”

கவனித்திருக்கவில்லை. மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். சிரிக்கிறாள், அலறுகிறாள், கடிக்கிறாள், தீ வைக்கிறாள். அவள் சொன்னதாகக் கூடப்பிறந்தவன் ஏதோ சொல்கிறான். மற்றபடி அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் அவளைப் பூட்டிவைத்தவன் வாய்வழியே வந்தது. யார் இவள், எங்கிருந்து வந்தாள் என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்தது. மகளைப் பார்க்கப் போனபோது அதையும் கூடவே எடுத்துக்கொண்டு போனேன்.

லீட்ஸிலிருந்து கீத்லிவரை ரயில், அங்கிருந்து ஹாவர்த்துக்குப் பஸ். நாவலை எழுதிய சார்லட் பிராண்ட்டி வாழ்ந்த பாதிரியார் வீட்டு வாசலிலேயே கல்லறைத் தோட்டம். சாப்பாட்டு அறையில் அந்த மேசை இருக்கிறது. ராத்திரி ஆனதும் மூன்று சகோதரிகளும் தாங்கள் எழுதுவதைப் பேசிக்கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார்களாம். மைக்கறைகள், நடுவில் மெழுகுவர்த்தி சுட்ட தழும்பு, யாரோ கீறிய சின்ன ‘ஈ’ எழுத்து. நான் குனிந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

ஆனால் கதை தொடங்கியது அந்த மேசையில் அல்ல. 1846 ஆகஸ்டில் அப்பாவின் கண்புரை அறுவைக்காக சார்லட் மான்செஸ்டர் போயிருந்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை நடந்த அன்றைக்குத்தான் அவருடைய முந்தைய நாவலின் கையெழுத்துப் பிரதியும் வேண்டாமென்று திரும்பி வந்தது. கண்கட்டோடு அப்பா இருட்டறையில் படுத்திருக்க, அதே வாடகை வீட்டில் சார்லட் ‘ஜேன் அயர்’ எழுத ஆரம்பித்தார். பார்வை போன ராச்செஸ்டரின் கையை ஜேன் பிடித்துக்கொள்ளும் அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அங்கே புரிந்தது.

பெர்த்தா அடைபட்ட வீட்டுக்கு முன்மாதிரியாக இரண்டு வீடுகளைக் காட்டுகிறார்கள். ஒன்று டெர்பிஷயரில் ஹாதர்சேஜ் அருகே உள்ள நார்த் லீஸ். 1845இல் சார்லட் அந்த ஊரில் தோழியோடு தங்கினார். அயர் குடும்பத்தின் பித்தளை நினைவுத்தகடுகள் அங்குள்ள சர்ச்சில் இருக்கின்றன. மற்றது ரிப்பன் பக்கத்திலுள்ள நார்ட்டன் கானியர்ஸ். 1839இல் ஒரு குடும்பத்துக் குழந்தைகளுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்தபோது சார்லட் அங்கே போனார். மனம் பிறழ்ந்த ஒரு பெண்ணை முந்தைய நூற்றாண்டில் அந்த வீட்டுப் பரணறையில் அடைத்திருந்தார்கள் என்ற பேச்சு அப்போதே உண்டு. நாவலிலும் சுவரோடு சுவராக மறைந்த ஒரு கதவு வருகிறது. 2004இல் நார்ட்டன் கானியர்ஸ் வீட்டின் மரப்பலகைகளுக்குப் பின்னால், பரணுக்கு ஏறும் குறுகலான படிக்கட்டு ஒன்று அகப்பட்டது.

நாங்கள் போயிருந்த வாரத்தில் அந்த வீட்டைத் திறக்கவில்லை. படிக்கட்டைப் படத்தில்தான் பார்த்தேன். தூசி படிந்த மரப்படிகள், ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய அகலம். மேலே உள்ள அறையைப் ‘பைத்தியக்கார மேரியின் அறை’ என்கிறார்கள். எந்த மேரி, யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் பதிலில்லை. இருநூறு வருடம் கழித்தும் படிக்கட்டுதான் அகப்பட்டது என்பது எனக்குத் தாங்கவில்லை.

சார்லட் இரக்கமற்றவர் அல்ல. பெர்த்தாவின் சித்திரிப்பு குரூரமாக இருக்கிறது என்று குறை வந்தபோது, பதிப்பகத்தின் வில்லியம்ஸுக்கு 1848 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அதை ஒத்துக்கொள்கிறார். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவரைக் கண்டால் ஆழ்ந்த இரக்கம் ஒன்றுதான் வரவேண்டும், தான் பயங்கரத்தை மேலோங்க விட்டுவிட்டேன் என்கிறார். அப்போது அவருக்கு வயது 31. தன் எழுத்தின் பிழையை இவ்வளவு நேராகச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு சர்ச் காட்சிக்குத் திரும்பினேன். 18 வயதில் கண்ணீரில் நான் தாண்டிப்போன தாள் ஒன்று அங்கே இருக்கிறது. கல்யாணத்தைத் தடுக்க வந்த வக்கீல் வாசிக்கும் சாட்சிப் பத்திரம். ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுனில் நடந்த திருமணம். மணமகளின் முழுப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். ராச்செஸ்டரின் அப்பாவும் அண்ணனும் பேசி முடித்த சம்பந்தம் அது. வரதட்சணை 30,000 பவுன். பெண்வீட்டார் மேற்கிந்தியத் தீவுத் தோட்ட முதலாளிகள், அதாவது அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த சொத்து. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் வந்தபோது பிரிட்டிஷ் அரசு உடைமையாளர்களுக்கு ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுன். விடுதலையானவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை.

ஜேனுக்குக் கடைசியில் கிடைக்கும் 20,000 பவுனும் மதீரா தீவிலிருந்த சித்தப்பா சொத்து. அந்தச் சித்தப்பா பெர்த்தாவின் பிறந்தகமான மேசன் வீட்டாரின் வணிக முகவர். இதுவும் அதே அத்தியாயத்திலேயே வருகிறது. பணத்தை நான்கு பங்காக்கி உறவினர்களோடு பகிர்ந்துகொண்ட ஜேனை இன்றும் நேசிக்கிறேன். விடியுமுன் கையில் சிறு மூட்டையோடு அந்த வீட்டைவிட்டு வெளியேறியவளை நான் யாருக்காகவும் விட்டுத்தர மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து புறப்பட்டது என்று தெரிந்த பிறகு, அவளுக்காக மட்டும் அழ என்னால் முடியவில்லை.

அந்தத் தாளைத் தாண்டிப் போகாதவர் ஜீன் ரைஸ். 1890இல் டொமினிக்காத் தீவில் பிறந்து, 16 வயதில் இங்கிலாந்து வந்தவர். பெர்த்தாவின் கதையை அவள் பக்கமிருந்து ‘வைட் சர்காசோ ஸீ’ என்று எழுதி 1966இல் வெளியிட்டபோது அவருக்கு 76 வயது. அதில் அவள் பெயர் ஆன்ட்டொனெட். பெர்த்தா என்பது புருஷன் வைத்துக் கூப்பிடும் பெயர். அவளோ அது தன் பெயரில்லை என்கிறாள்.

திரும்பும் ரயிலில் மகளிடம் நாவலை நீட்டி, சர்ச் காட்சியைக் காட்டினேன். அவள் விரல் வைத்து மெல்ல வாசித்தாள்: பெர்த்தா ஆன்ட்டொனெட்டா மேசன். அடுத்து அம்மாவின் பெயர். ஆன்ட்டொனெட்டா.

“அம்மா பேரை வச்சிருக்காங்க” என்றாள்.