யு.டி.எம்.மில் மாட்ட முடியாத ஸ்பெசிமன்

நம்ம எஸ்.ஓ.எம். லேபில் மைல்ட் ஸ்டீல் ராடை யு.டி.எம்.மில் மாட்டி இழுக்கிறோமே, அதன் யங் மாடுலஸ் சுமார் 200 ஜிகா பாஸ்கல். மூளைக்கோ ஏதோ ஓரிரண்டு கிலோ பாஸ்கல்தான்! ஜாவில் பிடித்தால் நசுங்கிவிடும். மேஜையில் வைத்தாலே தன் எடையில் தொய்யும். அதுவும் உயிரோடு இருப்பவர் மூளையை ஸ்பெசிமனாக யார் தருவார்?

1995-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ராஜா முத்துப்பிள்ளையும் குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள். திசுவை வெளியிலிருந்து மெல்ல அதிரவைத்து, உள்ளே ஓடும் அலையை எம்.ஆர்.ஐ.யில் படமெடுப்பது. அலை வேகமாக ஓடினால் கெட்டி, மெதுவாக ஓடினால் மிருது.

என் பெரியம்மாவுக்கு மூளையில் கட்டி. "மிருதுவா இருந்தா உறிஞ்சி எடுத்துடலாம். கெட்டின்னா நேரமாகும். திறந்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். கட்டியையும் இதே முறையில் முன்கூட்டியே அளக்கிறார்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். அன்று ஏழு மணி நேரம் வராந்தாவில் நின்றோம். கெட்டிக் கட்டி.